முன்பக்க ஜாயின்ட்டை யார் பார்ப்பது?

பொங்கல் விடுமுறை முடிந்து பள்ளி திறந்து ஒரு வாரம் ஆகியும் அவன் வரவில்லை. பதினோராம் வகுப்பு, தொழிற்கல்விப் பிரிவு, அடிப்படை தானியங்கி ஊர்திப் பொறியியல் படிப்பவன். எட்டாம் நாள் காலை, செய்தித்தாளில் சுற்றிய ஒரு பொருளுடன் பணிமனைக்குள் வந்து என் மேசைமேல் வைத்தான். பிரித்துப் பார்த்தேன். உள்ளே ஒரு கிராஸ் இருந்தது. யுனிவர்சல் ஜாயின்ட்டின் நடுவில் கூட்டல் குறியைப் போல் இருக்கும் பாகம் அது. அதன் நான்கு கைகளில் ஒன்று முறிந்திருந்தது.

"சார், தீபாவளிக்கு அப்புறம் இது மூணாவது கிராஸ். இந்தத் தடவை மலை ஏறும்போது ஷாஃப்ட்டோட முன்பக்கம் கழண்டு ரோட்டுல அடிச்சிருச்சு. வண்டிக்குள்ள எங்கம்மா இருந்தாங்க."

எங்கள் பள்ளி தேனி மாவட்டத்தில் மலையடிவாரத்தில் இருக்கிறது. விடிவதற்கு முன்பே ஜீப்புகள் வரிசையாக மெட்டு ஏறும். அவற்றில் இடுக்கி மாவட்டத்து ஏலத்தோட்டங்களுக்கு வேலைக்குப் போகும் பெண்கள் உட்கார்ந்திருப்பார்கள். என் மாணவர்கள் பலரின் அம்மாக்கள் அப்படிப் போய் வருபவர்கள்தாம். இவனுடைய அம்மா போவது தாய்மாமாவின் ஜீப்பில். அன்று வண்டி ஏற்றத்தில் மெதுவாகப் போய்க்கொண்டிருந்ததால் எல்லாரும் தப்பினார்கள். ஓடும் வண்டியில் ஷாஃப்ட்டின் முன்முனை கழன்று தரையில் ஊன்றினால் அது வண்டியின் பின்பகுதியையே தூக்கிவிடக்கூடும். இறக்கத்தில் கழன்றால் கியரின் பிடி பின்சக்கரங்களுக்குப் போகாது. இரண்டில் எதுவும் நடக்கவில்லை, அவ்வளவுதான்.

"மாமா புதுசு மாட்டிட்டாரு சார். நாளைக்கு மறுபடியும் வண்டி போகும். ஏன் உடையுதுன்னு யாருக்கும் தெரியல" என்றான். விடுப்பு எடுத்ததற்காக அவனைக் கடிந்துகொள்ள நினைத்திருந்தேன். அந்த எண்ணத்தை விட்டுவிட்டேன்.

வண்டியை ஏன் உயர்த்தினார்கள்?

விசாரித்தபோது, கிராஸ் உடையத் தொடங்கியது வண்டியை உயர்த்திய பிறகுதான் என்று தெரிந்தது. தோட்டத்துக்குள் போகும் பாதை பாறையும் பள்ளமுமாக இருக்கும். அடியில் டிஃபரன்ஷியல் பாறையில் உரசுகிறது என்பதால், பின்பக்க லீஃப் ஸ்பிரிங்கில் கூடுதல் பட்டைகள் சேர்த்து, நீளமான ஷாக்கிள் போட்டு வண்டியை ஏறத்தாழ 10 செ.மீ. உயர்த்தியிருந்தார்கள்.

இங்கேயே ஒரு தவறான புரிதல் இருக்கிறது. ஸ்பிரிங்கை உயர்த்தினால் உயர்வது சட்டமும் உடலும்தான். அச்சு உயராது. அச்சின் உயரத்தை முடிவு செய்வது டயரின் ஆரம். டயரை மாற்றாமல் ஸ்பிரிங்கை மட்டும் உயர்த்தினால் டிஃபரன்ஷியலுக்கும் தரைக்கும் உள்ள இடைவெளி ஒரு மில்லிமீட்டர்கூடக் கூடாது. பிற்பாடு இதை மாமாவின் கண்முன்னே அளந்து காட்டினோம். அவருடைய ஜீப்பிலும், அதே டயர் போட்ட, உயர்த்தாத இன்னொரு ஜீப்பிலும் அந்த இடைவெளி ஒன்றாகவே இருந்தது. அவர் நீண்ட நேரம் பேசவில்லை.

ஹூக் இரண்டு முறை வருகிறார்

ஹூக் விதியை இயற்பியல் ஆசிரியர்கள் ஆண்டுதோறும் நடத்துகிறோம். இழுவிசைக்கு ஏற்ப ஸ்பிரிங் நீளும் என்று சொன்ன அதே ராபர்ட் ஹூக்தான் யுனிவர்சல் ஜாயின்ட் பற்றியும் எழுதினார். 1676-இல் வெளிவந்த, சூரியனை நோக்கும் கருவிகள் பற்றிய அவரது நூலில் இந்த இணைப்பு வருகிறது. அதே நூலின் இறுதியில் தம் ஸ்பிரிங் விதியை எழுத்துகளைக் கலைத்துப் போட்ட புதிராக அச்சிட்டார். விடையை 1678-இல்தான் வெளியிட்டார். நம் ஜீப்பின் பின்பக்கத்தில் இருக்கும் பட்டையும் ஜாயின்ட்டும் ஒரே நூலில் இடம்பெற்றவை என்று சொன்னால் மாணவர்கள் நிமிர்ந்து உட்காருகிறார்கள்.

டிரான்ஸ்பர் கேஸிலிருந்து வரும் சுழற்சியைப் பின் அச்சின் பினியனுக்குக் கொண்டுபோவது புரொப்பல்லர் ஷாஃப்ட். டிரான்ஸ்பர் கேஸ் சட்டத்தோடு நிற்கிறது. அச்சு ஸ்பிரிங்கோடு மேலும் கீழும் ஆடுகிறது. ஆகவே ஷாஃப்ட் எப்போதும் சாய்வாகவே இருக்கும். சாய்ந்த நிலையிலும் சுழற்சியைக் கடத்துவதற்காக அதன் இரு முனையிலும் ஒவ்வொரு ஜாயின்ட் இருக்கிறது.

இந்த ஜாயின்ட்டுக்கு ஒரு குணம் உண்டு. நேராக இருந்தால் உள்ளே போகும் வேகமே வெளியே வரும். வளைந்திருந்தால், உள்ளே சீரான வேகத்தில் சுற்றினாலும் வெளியே வேகம் ஏறி இறங்கும். ஒரு சுற்றுக்கு இரண்டு முறை ஏறும், இரண்டு முறை இறங்கும். வேகத்தின் உச்சம், உள்வேகத்தை ஜாயின்ட் கோணத்தின் கொசைனால் வகுத்தால் கிடைக்கும். தாழ்வு, உள்வேகத்தைக் கொசைனால் பெருக்கினால் கிடைக்கும்.

5 பாகையில் கொசைன் 0.9962. ஏற்ற இறக்கம் நூற்றில் அரைகூட இல்லை. 10 பாகையில் 0.9848, அதாவது மேலே ஒன்றரை, கீழே ஒன்றரை சதவீதம். 20 பாகையில் 0.9397, அதாவது ஏறத்தாழ 6 சதவீதம். கோணம் இரு மடங்கானால் ஏற்ற இறக்கம் நான்கு மடங்காகிறது. ஸ்பிரிங்கை உயர்த்தும் மெக்கானிக்குகள் பலருக்குக் கோணம் கூடுகிறது என்று தெரியும். அதன் விளைவு வர்க்கமாகக் கூடுகிறது என்பது தெரியாது.

அப்படியென்றால் எல்லா ஜீப்பும் குலுங்க வேண்டுமே? குலுங்காததற்குக் காரணம் இரண்டாவது ஜாயின்ட். முன் ஜாயின்ட் வேகத்தைக் கூட்டும் நொடியில் பின் ஜாயின்ட் குறைக்கும். முன்னது குறைக்கும் நொடியில் பின்னது கூட்டும். கடைசியில் பினியனுக்குச் சீரான வேகம் போய்ச் சேரும். இதற்கு இரண்டு நிபந்தனைகள் உண்டு. ஒன்று, இரண்டு ஜாயின்ட் கோணங்களும் சமமாக இருக்க வேண்டும். மற்றொன்று, ஷாஃப்ட்டின் இரு முனைகளிலும் உள்ள யோக்குகள் ஒரே தளத்தில் நிற்க வேண்டும். கிரீஸ் வைக்க ஷாஃப்ட்டின் வழுக்குப் பற்களைக் கழற்றி, அம்புக்குறி பார்க்காமல் திரும்ப மாட்டி, யோக்குகள் 90 பாகை மாறி நின்றால், ஒன்றின் பிழையை மற்றது நீக்குவதற்குப் பதிலாக இரண்டும் கூடிவிடும். இதை முதலில் பார்த்தோம். மாமாவின் வண்டியில் யோக்குகள் சரியாகவே இருந்தன. ஆகவே சிக்கல் கோணத்தில்தான்.

சாய்வுமானி போதும்

கோணம் அளக்க விலையுயர்ந்த கருவி எதுவும் எங்களிடம் இல்லை. பத்தாம் வகுப்பு முக்கோணவியலில் மரத்தின் உயரம் காணச் செய்யும் சாய்வுமானியே போதுமானதாக இருந்தது. பெரிய கோணமானியின் மையத்தில் நூல் கட்டி, நுனியில் ஒரு நட்டைத் தொங்கவிட்டோம். கோணமானியை நேரான மரச்சட்டத்தில் ஒட்டினோம். சட்டத்தை ஷாஃப்ட்டின்மேல் வைத்தால் நூல் கோணத்தைக் காட்டிவிடும். பினியனிலும் டிரான்ஸ்பர் கேஸிலும் அச்சுக்கோட்டின்மேல் சட்டத்தை வைக்க முடியாது. அங்கே ஃபிளேஞ்சின் முகத்தில் வைத்தோம். அந்த முகம் அச்சுக்கோட்டுக்குச் செங்குத்து என்பதால் 90 பாகையிலிருந்து கழித்தால் போதும்.

அளக்கும்போது மூன்று செய்திகளை மாணவர்களுக்கு வலியுறுத்தினேன். வண்டியின் எடை சக்கரங்களின்மேல் இருக்க வேண்டும். ஜாக்கியில் தூக்கினால் அச்சு தொங்கி, கோணங்கள் மாறிவிடும். ஜாக்கியை மட்டும் நம்பி யாரும் வண்டிக்கடியில் போகக்கூடாது. ஆகவே பட்டறையின் குழிமேல் வண்டியை நிறுத்தி, சக்கரங்களுக்குக் கட்டை கொடுத்து, சாவியை எடுத்துவிட்ட பிறகே மாணவர்களை இறக்கினேன். மூன்றாவதாக, தரை மட்டமாக இல்லாவிட்டாலும் கவலை இல்லை. மூன்று அளவுகளையும் வண்டியை நகர்த்தாமல் எடுத்தால், நமக்குத் தேவையான வித்தியாசங்களில் தரையின் சாய்வு தானாகக் கழிந்துவிடும்.

முதலில் உயர்த்தாத ஜீப்பை அளந்தோம். டிரான்ஸ்பர் கேஸின் அச்சுக்கோடு பின்னோக்கி 4 பாகை இறங்கியது. பினியனும் அதற்கு இணையாக, மூக்கு 4 பாகை உயர்ந்து நின்றது. ஷாஃப்ட் 12 பாகை. முன் ஜாயின்ட்டின் கோணம் 12இல் 4 போக 8. பின் ஜாயின்ட்டின் கோணமும் 12இல் 4 போக 8. இரண்டும் சமம்.

மாமாவின் ஜீப்பில் டிரான்ஸ்பர் கேஸ் அதே 4 பாகை. ஷாஃப்ட் 19 பாகை. பினியன் 9 பாகை. முன் ஜாயின்ட் 19இல் 4 போக 15. பின் ஜாயின்ட் 19இல் 9 போக 10.

ஷாஃப்ட் ஏன் 12இலிருந்து 19க்குப் போனது என்பதை மாணவர்களே கணக்கிட்டார்கள். இரு ஜாயின்ட்டுகளுக்கும் இடையே கிடைமட்டத் தொலைவு ஏறத்தாழ 73 செ.மீ. உயர வித்தியாசம் முன்பு 15.6 செ.மீ., இப்போது 25.6 செ.மீ. டேன்ஜென்ட் அட்டவணையைப் பார்த்தால் 12 பாகையும் 19 பாகையும் வரும். ஷாஃப்ட் நீளமான வண்டியில் இதே 10 செ.மீ. உயர்வு இவ்வளவு கோணத்தைத் தராது. தொலைவு 150 செ.மீ. ஆக இருந்தால் 6 பாகை 10 பாகையாக மாறும், அவ்வளவே. ஜீப் குட்டையானது என்பதுதான் இங்கே வினை.

பினியன் ஏன் 4இலிருந்து 9க்குப் போனது? இந்த வண்டியில் ஷாக்கிள் பட்டையின் பின்முனையில் இருக்கிறது. நீளமான ஷாக்கிள் பட்டையின் பின்முனையை மட்டும் கீழே தள்ளுகிறது. முன்முனை சட்டத்தோடு அங்கேயே நிற்கிறது. பட்டை சாய, அதோடு இறுகியிருக்கும் அச்சும் திரும்புகிறது, பினியனின் மூக்கு மேலே தூக்குகிறது.

நான் சொன்ன தவறு

அளவுகள் கையில் இருந்தும் நான் தவறினேன். ஜாயின்ட்டின் கோணம் குறைந்தால் நல்லது என்று எனக்குத் தெரியும். வண்டியை உயர்த்தினால் பினியனின் மூக்கு நேராக டிரான்ஸ்பர் கேஸைப் பார்க்கும்படி திருப்ப வேண்டும் என்று எப்போதோ படித்ததும் நினைவில் இருந்தது. "பினியனை இன்னும் 6 பாகை தூக்கச் சொல்" என்றேன். பட்டைக்கும் அச்சுக்கும் நடுவே வைக்கும் ஆப்புத் தகடு இரண்டு வாங்கி, பட்டறையில் மாட்டினார்கள். பின் ஜாயின்ட்டின் கோணம் 10இலிருந்து 4 ஆகக் குறைந்தது. நான் மகிழ்ந்தேன்.

மறுநாள் காலையில் அவன் வந்தான். "சார், முன்னைவிட அதிகமா அதிருது. முப்பதுக்கு மேல போனா சீட்டே நடுங்குது."

ஏதாவது போல்ட் தளர்ந்திருக்கும் என்று சொன்னேன். அவன் போகவில்லை. நோட்டைத் திறந்து அளவுகளைப் பார்த்துக்கொண்டே கேட்டான்: "பின்னாடி ஜாயின்ட்டை நாம பார்த்துட்டோம். முன்பக்க ஜாயின்ட்டை யார் சார் பார்க்குறது?"

எனக்கு உடனே பதில் வரவில்லை. முன் ஜாயின்ட் அப்போதும் 15 பாகையில்தான் இருந்தது. முன்பு அது உண்டாக்கிய ஏற்ற இறக்கத்தில் ஒரு பகுதியை, 10 பாகையில் இருந்த பின் ஜாயின்ட் எதிர்த்துக் குறைத்துக்கொண்டிருந்தது. நான் பின்னதை 4 ஆக்கி, எதிர்க்கும் ஆளை வேலையைவிட்டு அனுப்பிவிட்டேன்.

நான் படித்தது தவறான செய்தி இல்லை. அது வேறு வகை ஷாஃப்ட்டுக்கானது. டிரான்ஸ்பர் கேஸ் முனையில் அடுத்தடுத்து இரண்டு கிராஸ் வைத்த இரட்டை ஜாயின்ட் ஒன்று உண்டு. அதில் முன்முனையின் ஏற்ற இறக்கம் அந்த இரட்டைக்குள்ளேயே சமன்படுத்தப்பட்டுவிடும். அப்படிப்பட்ட ஷாஃப்ட்டில்தான் பினியன் ஷாஃப்ட்டை நேராகப் பார்க்க வேண்டும். முனைக்கு ஒரு கிராஸ் உள்ள சாதாரண ஷாஃப்ட்டில் பினியன் பார்க்க வேண்டியது ஷாஃப்ட்டை அல்ல. அது டிரான்ஸ்பர் கேஸின் அச்சுக்கோட்டுக்கு இணையாக நிற்க வேண்டும். விதி சரியாக இருந்தும் அதை வேறு இடத்தில் பொருத்திவிட்டேன்.

வகுப்பில் எல்லார் முன்னிலையிலும் இதைச் சொன்னேன். சொல்வதற்கு முன் ஓர் இரவு யோசித்தேன் என்பதையும் மறைக்க விரும்பவில்லை. இருபது ஆண்டுப் பணியில், "நான் சொன்னது தவறு, வண்டி அதனால் மோசமானது" என்று கரும்பலகையின் முன் நின்று சொன்னது அதுவே முதல் முறை. ஆனால் அந்த ஜீப் அன்று மாலையும் மலையிறங்கி வரவேண்டியிருந்தது. அன்றே தொலைபேசியில் மாமாவிடம் பேசி, அடுத்த நாளுக்கு வேறு வண்டி ஏற்பாடு செய்யச் சொன்னேன்.

கையால் சுற்றிப் பார்த்தோம்

சாக்கெட் செட்டில் வளைந்த இடங்களுக்குப் பயன்படும் சிறிய யுனிவர்சல் ஜாயின்ட் இருக்கும். அதில் ஒன்றை எடுத்து, இரு முனையிலும் கோணமானி வட்டத்தை அட்டையில் ஒட்டி மாட்டினோம். ஜாயின்ட்டை 30 பாகை வளைத்துப் பிடித்து, ஒருவர் உள்முனையைச் சுற்ற, மற்றவர் வெளிமுனையைப் படித்தார்.

உள்ளே 45 பாகை சுற்றினால் வெளியே 41 பாகை. உள்ளே 90 என்றால் வெளியேயும் 90. உள்ளே 135 என்றால் வெளியே 139. உள்ளே 180 என்றால் வெளியேயும் 180. யோக்கின் தொடக்க நிலையை மாற்றினால் 41க்குப் பதில் 49 வரும். ஒரு சுற்றுக்குள் இரண்டு முறை பின்தங்கி, இரண்டு முறை முந்துவதை மாணவர்கள் கண்ணால் பார்த்தார்கள். பிறகு நடுவே ஓர் எக்ஸ்டென்ஷன் ராடு வைத்து இரண்டாவது ஜாயின்ட்டை மாட்டி, அதையும் 30 பாகை வளைத்தோம். உள்ளே 45க்கு வெளியேயும் 45. இரண்டாவதை மட்டும் நேராக்கியதும் பழையபடி 41. "இதத்தான் சார் நாம வண்டியில செஞ்சோம்" என்றான் ஒருவன்.

கணக்காசிரியர் நண்பர் ஒருவர் இதை ஒரு வரியில் சுருக்கிக் கொடுத்தார். யோக்குகள் சரியாக இருந்து கோணங்கள் சமமாக இல்லாவிட்டால், மிஞ்சும் ஏற்ற இறக்கம் ஒரே ஒரு ஜாயின்ட் எவ்வளவு வளைந்தால் வருமோ அவ்வளவு இருக்கும். அந்தக் கோணத்தைக் காண, இரு கோணங்களின் வர்க்கங்களைக் கழித்து வர்க்கமூலம் எடுக்க வேண்டும். 15, 10 என்றால் 225இல் 100 போக 125. அதன் வர்க்கமூலம் ஏறத்தாழ 11. நான் ஆப்பு வைத்த பிறகு 15, 4. 225இல் 16 போக 209. வர்க்கமூலம் ஏறத்தாழ 14½. வேகத்தின் ஏற்ற இறக்கம் 2 சதவீதத்திலிருந்து 3 சதவீதத்துக்கு மேல் போய்விட்டது. சீட் நடுங்கியதற்குக் கணக்கு கிடைத்தது.

மெதுவாகப் போனால் நடுக்கம் தெரியாமல் முப்பதுக்கு மேல் தெரிவது ஏன்? டயரின் சுற்றளவு 2.2 மீட்டர், அச்சின் பல்விகிதம் 5 என்று கொள்வோம். 40 கி.மீ. வேகத்தில் சக்கரம் நொடிக்கு 5 முறை சுற்றும், ஷாஃப்ட் 25 முறை சுற்றும், ஜாயின்ட்டின் அதிர்வு 50 முறை வரும். வேகம் இரு மடங்கானால் அந்த முடுக்கம் நான்கு மடங்காகும். சக்கரத்தின் சமநிலை கெட்டால் வரும் ஆட்டம் சக்கரச் சுற்றுக்கு ஒரு முறைதான். கனமான ஆட்டமா, ரீங்கரிக்கும் அதிர்வா என்று கவனித்தாலே பிழை சக்கரத்திலா ஷாஃப்ட்டிலா என்று பாதி தெரிந்துவிடும்.

எப்படித் திருத்தினோம்

ஆப்பைத் திருப்பி வைத்து, பினியனை மறுபடி 4 பாகைக்குக் கொண்டுவந்தால் இரண்டு ஜாயின்ட்டும் 15, 15 ஆகும். பினியனுக்குச் சீரான வேகம் கிடைக்கும். ஆனால் அதுவும் போதாது. நடுவில் இருக்கும் ஷாஃப்ட் 15 பாகைக்கு உரிய ஏற்ற இறக்கத்தோடுதான் சுற்றிக்கொண்டிருக்கும். கிராஸின் ஊசி பேரிங்குகள் ஒவ்வொரு சுற்றிலும் அதே அளவு முன்னும் பின்னும் உருளும், சூடாகும், கிரீஸ் வற்றும். சக்கரம் பள்ளத்தில் இறங்கினால் கோணம் இன்னும் கூடும். சமம் என்பது முதல் நிபந்தனை. சிறிதாக இருப்பது இரண்டாவது.

இதற்கு வழிகள் மூன்று. டிரான்ஸ்பர் கேஸைத் தாங்கும் குறுக்குச் சட்டத்தைத் துண்டு வைத்துச் சற்று இறக்கலாம். அப்போது அடியில் உள்ள இடைவெளி குறையும், எஞ்சினின் சாய்வும் மாறும். முன்முனையில் இரட்டை ஜாயின்ட் உள்ள ஷாஃப்ட் செய்து போடலாம். செலவு அதிகம். மூன்றாவது, உயர்த்தியதைக் குறைப்பது. டிஃபரன்ஷியல் இடைவெளியை அளந்து காட்டியதும் மாமா மூன்றாவதற்கு ஒத்துக்கொண்டார். மோட்டார் வாகனச் சட்டம் 1988-இன் 52ஆம் பிரிவு, பதிவுச் சான்றிலுள்ள விவரங்கள் தயாரிப்பாளர் குறித்ததற்கு மாறுபடும்படி வண்டியை மாற்றக்கூடாது என்கிறது. ஆட்களை ஏற்றிப் போகும் வண்டியில் அதையும் நினைவில் வைக்கச் சொன்னேன்.

நீள ஷாக்கிளை எடுத்துவிட்டுப் பழைய அளவையே போட்டார்கள். சேர்த்த பட்டைகளில் ஒன்றைக் கழற்றினார்கள். உயர்வு 4 செ.மீ. ஆகக் குறைந்தது. அளந்தோம். ஷாஃப்ட் 15 பாகை, பினியன் 6 பாகை. முன் ஜாயின்ட் 11, பின் ஜாயின்ட் 9. 3 பாகை ஆப்பை மூக்கு தாழும்படி வைத்தோம். பினியன் 3 பாகை ஆனது, பின் ஜாயின்ட் 12 ஆனது.

ஏன் 11 அல்ல? லீஃப் ஸ்பிரிங் உள்ள அச்சு, எஞ்சின் இழுக்கும்போது சிறிது திரும்பும். பட்டை முறுக்கிக்கொண்டு பினியனின் மூக்கு மேலே தூக்கும். வண்டி நிற்கும்போது மூக்கை ஒரு பாகை தாழ்த்தி வைத்தால், ஓடும்போது இரு கோணங்களும் சமத்துக்கு வரும்.

ஆப்பின் தடித்த பக்கம் முன்னே வரவேண்டுமா பின்னே வரவேண்டுமா என்று மாணவர்கள் கேட்டார்கள். மனப்பாடம் வேண்டாம் என்றேன். பட்டை அச்சின்மேல் உட்கார்ந்திருந்தால், தடித்த பக்கம் முன்னே வைக்க மூக்கு தாழும். பட்டை அச்சுக்குக் கீழே இருந்தால் அதே வைப்பில் மூக்கு உயரும். வைத்து, யு போல்ட்டை இறுக்கி, வண்டியை இறக்கி, மறுபடி அளப்பதே உறுதியான வழி. ஆப்பு எஃகில் இருக்கட்டும். மென்மையான உலோகம் அழுத்தத்தில் நசுங்கும், விரியும். ஆப்பின் தடிப்புக்கு ஏற்ற நீளத்தில் நடு போல்ட் வேண்டும். பழைய யு போல்ட்டைத் திரும்பப் பயன்படுத்தக் கூடாது. சில நாள் ஓடிய பிறகு மறுபடி இறுக்கிப் பார்க்க வேண்டும்.

இன்னும் மூன்றைச் சேர்த்துப் பார்த்தோம். வண்டி உயரும்போது ஷாஃப்ட் நீள வேண்டியிருக்கிறது. பிதாகரஸ் தேற்றத்தால் மாணவர்கள் கணக்கிட்டபோது 10 செ.மீ. உயர்வுக்கு ஏறத்தாழ 2.7 செ.மீ. வந்தது. அவ்வளவு வழுக்குப் பற்கள் வெளியே இழுக்கப்பட்டிருந்தன. இப்போது அது 1 செ.மீ.க்கும் குறைவு. பிரேக் ஹோஸ், அச்சு முழுதும் தொங்கும்போது இழுபடாமல் இருக்க வேண்டும். பினியனின் மூக்கை மிக உயர்த்தினால் அதன் முன் பேரிங்குக்கு எண்ணெய் எட்டாது. என் முதல் ஆலோசனையில் இந்த ஆபத்தும் சேர்ந்தே இருந்தது.

ஜாயின்ட்டின் கோணத்தைச் சுழியமாக்குவதும் நல்லதல்ல என்பதையும் சொல்லிவிட வேண்டும். கோணமே இல்லையென்றால் ஊசிகள் உருளாது. ஒரே இடத்தில் அழுந்தி, கிராஸின் கையில் தடம் பதிந்துவிடும். ஒரு பாகையாவது இருக்க வேண்டும்.

வகுப்பறைக்கு

இந்தச் செயல்பாட்டைத் தொழிற்கல்விப் பிரிவு இல்லாத பள்ளிகளிலும் செய்யலாம். சாக்கெட் செட் கிடைக்காவிட்டால் தடித்த கம்பியை வளைத்து இரண்டு யோக்கும் ஒரு கிராஸும் செய்துவிடலாம். கணக்கில் கொசைனும் டேன்ஜென்ட்டும், இயற்பியலில் முடுக்கமும் இதில் தாமாக வந்து சேரும். உங்கள் ஊரில் ஜீப் இல்லையென்றால் லாரியோ டிராக்டரோ இருக்கும். நின்றுகொண்டிருக்கும் டிராக்டரின் பின்பக்கத்தில் உழவுக் கருவிக்குச் சக்தி கொடுக்கும் தண்டிலும் இதே இரண்டு ஜாயின்ட்டுகளைப் பார்க்கலாம். உடலால் தொட்டுப் பார்ப்பது எஞ்சினை நிறுத்தி, சாவியை ஆசிரியர் தம் பையில் வைத்துக்கொண்ட பிறகே.

மாமாவின் ஜீப் இப்போது அதே கிராஸோடு ஓடுகிறது. அவன் விடாமல் பள்ளிக்கு வருகிறான். மாதம் ஒரு சனிக்கிழமை, பட்டறையில் அனுமதி வாங்கி, நானும் உடனிருக்க, மெட்டு ஏறும் வண்டிகளில் ஒன்றைக் குழிமேல் நிறுத்தி மாணவர்கள் மூன்று கோணங்களை அளந்து, ஓட்டுநரிடம் ஒரு தாளில் எழுதிக் கொடுக்கிறார்கள். இதுவரை அளந்தவற்றில் இரண்டு வண்டிகளில் யோக்குகள் மாறி மாட்டப்பட்டிருந்தன. உரியவர்களிடம் சொல்லித் திருத்தினோம்.

முறிந்த கிராஸைப் பணிமனை மேசையில் வைத்திருக்கிறேன். பக்கத்தில், நான் வாங்கச் சொன்ன 6 பாகை ஆப்புகள் இரண்டும் இருக்கின்றன. புதிய மாணவர்கள் கிராஸைக் கையில் எடுத்துப் பார்த்துவிட்டு, ஆப்பு எதற்கு என்று கேட்பார்கள். முழுக் கதையையும் சொல்கிறேன்.